முதல் வேலை எந்த நகரத்தில்? கம்பனிச் சட்டம் பற்றி வாசகர் கேள்வி–பதில்

சட்டக் கல்லூரிப் பரீட்சை முடித்தவர்களும் முடிக்கப்போகிறவர்களும் அனுப்பிய கேள்விகளை இம்முறை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். கம்பனிச் சட்ட வேலையை எந்த ஊரில் தொடங்குவது என்பதுதான் ஏறக்குறைய எல்லோருக்கும் உள்ள குழப்பம். பதில் எழுதியவர்கள் கொழும்பில் இத்துறையில் வேலை செய்யும் சட்டத்தரணிகள்.

கேள்வி: யாழ். பல்கலைக்கழகத்தில் சட்டமாணி முடித்து, சட்டக் கல்லூரியும் முடித்து, அண்மையில்தான் சத்தியப்பிரமாணம் செய்தேன். யாழ்ப்பாணத்தில் ஒரு நிதி நிறுவனத்தின் சட்டப் பிரிவில் வேலை கிடைத்திருக்கிறது. கொழும்புக் கோட்டையில் ஒரு சட்ட நிறுவனமும் கூப்பிடுகிறது. அங்கே சம்பளம் குறைவு, வாடகையும் கட்ட வேண்டும். எனக்குப் பிடித்தது கம்பனிச் சட்டம். வீட்டில் யாழ்ப்பாணத்திலேயே இரு என்கிறார்கள். (வாசகி, கொக்குவில்)

கம்பனிச் சட்டம்தான் வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தால் கொழும்புக்கு வாருங்கள். முதல் மூன்று வருடங்களுக்குச் சம்பளத்தை இரண்டாவதாக வையுங்கள். ஒரு கொடுக்கல் வாங்கலைத் தொடக்கத்திலிருந்து கையெழுத்து வரை கூட இருந்து பார்க்க எங்கே முடியும் என்பதே முதல் கேள்வி. இலங்கையில் அது இப்போதைக்குக் கொழும்பில்தான் முடியும். வங்கிகளின் தலைமை அலுவலகங்கள், மத்திய வங்கி, உலக வர்த்தக மையத்திலுள்ள பங்குப் பரிவர்த்தனை நிலையம், டி.ஆர். விஜேவர்தன மாவத்தையிலுள்ள கம்பனிகள் பதிவாளர் திணைக்களம், புதுக்கடையில் வர்த்தக மேல் நீதிமன்றம் எல்லாம் சில கிலோமீற்றருக்குள் இருக்கின்றன. படிவங்களை இப்போது இணையத்தில் அனுப்பலாம் என்பது உண்மை. ஆனால் ஒப்பந்தத்தைப் பேசி முடிப்பவர்கள் இருக்கும் மேசை இங்கேதான் இருக்கிறது.

அந்த மேசையில் ஜூனியர் என்ன செய்வார் என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறோம். ஒருவர் ஒரு குடும்பக் கம்பனியை வாங்கப்போகிறார் என்று வையுங்கள். முதலில் உங்களிடம் வருவது பதிவாளரிடமிருந்து எடுத்த கோவை. படிவம் 1 இல் தொடக்கத்தில் யாருக்கு எத்தனை பங்கு என்று இருக்கும். பின்னர் பங்கு வழங்கிய ஒவ்வொரு தடவைக்கும் ஒரு படிவம் 6, பணிப்பாளர் மாறிய ஒவ்வொரு தடவைக்கும் ஒரு படிவம் 20 இருக்க வேண்டும். இவற்றைக் கூட்டிவரும் பங்குத் தொகை, கடைசி வருடாந்த விவரத்திரட்டான படிவம் 15 இல் உள்ள தொகையோடு ஒத்துப்போக வேண்டும். பல குடும்பக் கம்பனிகளில் ஒத்துப்போகாது. எப்போதோ பங்கு வழங்கியிருப்பார்கள், படிவம் போயிருக்காது. அல்லது விலகிப்போன பணிப்பாளர் பதிவேட்டில் இன்னும் பணிப்பாளராகவே இருப்பார். அடைத்து முடித்த வங்கிக் கடனின் பிணை நீக்கப்படாமல் கிடக்கும். அப்போது கம்பனிச் செயலாளரின் அலுவலகத்துக்குப் போய்ப் பங்குப் பதிவேட்டையும் கூட்டக் குறிப்புகளையும் பக்கம் பக்கமாகப் பார்க்க வேண்டும். நீங்கள் எழுதிக்கொண்டுவரும் குறைகளின் பட்டியலை சீனியர் ஒப்பந்தத்தின் வாசகங்களாக மாற்றுவார்: எதைக் கையெழுத்துக்கு முன் சரிசெய்ய வேண்டும், எதற்கு விற்பவர் உத்தரவாதம் தர வேண்டும், எதற்காக விலையில் ஒரு பகுதியைப் பிடித்துவைக்க வேண்டும் என்று. இந்த மாற்றத்தைப் பக்கத்தில் இருந்து பார்ப்பதுதான் பயிற்சி. புத்தகத்தில் இது கிடைக்காது.

நிதி நிறுவன வேலை தாழ்ந்ததல்ல. ஆனால் அங்கே பெரும்பாலும் கடன் ஒப்பந்தம், ஈட்டு உறுதி, கோரிக்கைக் கடிதம் என்று ஒரே வகைப் பத்திரங்கள் சுழலும். நிறுவனத்தின் அச்சிட்ட மாதிரியை நிரப்புவீர்கள், மாதிரியை யாரோ கொழும்பில் எழுதியிருப்பார். மூன்று வருடத்துக்குப் பிறகு கொழும்பு நிறுவனத்துக்கு விண்ணப்பித்தால் பெரும்பாலும் உங்களைப் புதியவராகவே கணக்கெடுப்பார்கள்.

செலவைப் பற்றி: அறை எடுக்கும்போது வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கத்தில் பாருங்கள். கரையோர ரயிலில் செயலகம் அல்லது கோட்டை நிலையத்தில் இறங்கினால் கோட்டையிலுள்ள அலுவலகங்களுக்கு நடந்து போகலாம். காலி வீதியில் 100, 101 இலக்கப் பேருந்துகள் ஓடுகின்றன. கையெழுத்து நாளுக்கு முந்திய இரவுகளில் வேலை முடிய நேரமாகும், அந்த நேரத்தில் ரயில் அடிக்கடி இராது. அதனால் உள்வீதியில் மலிவாகக் கிடைக்கும் அறையைவிடக் காலி வீதிக்குக் கிட்டிய அறை நல்லது. தனி அனெக்ஸுக்குப் பல மாத முற்பணம் கேட்பது வழக்கம். முதல் வருடத்துக்கு அறையைப் பகிர்ந்துகொள்ளுங்கள்.

கேள்வி: கொழும்பில் இருந்தாலும் கோட்டைச் சட்ட நிறுவனமா, நீதிமன்றங்கள் உள்ள புதுக்கடையில் ஒரு சீனியரின் சேம்பரா (வழக்கு அலுவலகமா), கம்பனி ஒன்றின் சட்டப் பிரிவா என்று முடிவெடுக்க முடியவில்லை. (வாசகர், வத்தளை)

1973 ஆம் ஆண்டின் நீதி நிருவாகச் சட்டம், பத்திரங்கள் தயாரிக்கும் புரொக்டர், நீதிமன்றத்தில் வாதாடும் அட்வகேட் என்ற இரண்டு தொழில்களையும் சட்டத்தரணி என்ற ஒன்றாக்கியது. பழக்கத்தில் அந்தக் கோடு இன்னும் இருக்கிறது. புதுக்கடைச் சேம்பரில் வழக்கு கற்கலாம். ஒப்பந்தம் வரைவது அங்கே தற்செயலாக வரும் வேலை. சிறுபான்மைப் பங்குதாரரை அடக்குவது பற்றிய, கம்பனிகள் சட்டத்தின் 224 ஆம் பிரிவு மனு, பணிப்பாளர்களிடையேயான தகராறு போன்றவை உங்களை ஈர்த்தால் சேம்பர் சரி. முதல் வருடங்களில் சேம்பரில் நிலையான சம்பளம் அரிது என்பதைத் தெரிந்துகொண்டே போங்கள்.

கம்பனியின் சட்டப் பிரிவை முதல் வேலையாக நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். அங்கே நல்ல சம்பளம், ஒழுங்கான நேரம் எல்லாம் உண்டு. ஆனால் கடினமான வேலை வந்தவுடன் வெளியே ஒரு சட்ட நிறுவனத்துக்கு அனுப்பிவிடுவார்கள், நீங்கள் தபால்காரராகிவிடுவீர்கள். நான்கைந்து வருடம் சட்ட நிறுவனத்தில் இருந்துவிட்டு அங்கே போனால் நீங்களே தீர்மானிப்பவராக இருப்பீர்கள்.

சட்ட நிறுவனம் என்று முடிவெடுத்தால் அளவைப் பாருங்கள். 1841 இல் தொடங்கிய எப்.ஜே. அன்ட் ஜீ. டி சேரம், 1879 இல் தொடங்கிய ஜூலியஸ் அன்ட் கிறீசி போன்ற பழைய, பெரிய நிறுவனங்களில் முறை ஒழுங்கு, பழைய கோவைகள், நல்ல மாதிரிப் பத்திரங்கள் கிடைக்கும். பெரிய இடத்தில் ஒரு பிரிவுக்குள்ளேயே அடைந்துபோகும் ஆபத்தும் உண்டு. வணிகச் சின்னப் பதிவு மட்டும், செயலாளர் படிவம் மட்டும் என்று வருடங்கள் போய்விடலாம். ஏழெட்டுப் பேர் உள்ள நிறுவனத்தில் எல்லாவற்றையும் தொடுவீர்கள், ஆனால் திருத்திக் கொடுக்க சீனியருக்கு நேரம் இருக்குமா என்பது சந்தேகம்.

நேர்முகத்தில் இவற்றைக் கேளுங்கள், கூச்சப்பட வேண்டாம். முதல் வரைவை யார் எழுதுவார்? வரைவைத் திருத்தும்போது சிவப்பு மையோடு எனக்குத் திரும்பி வருமா, சீனியரே மாற்றி அனுப்பிவிடுவாரா? வாடிக்கையாளர் கூட்டத்தில் ஜூனியர் உட்காரலாமா? முன்னர் இருந்த ஜூனியர் எத்தனை காலம் இருந்தார், இப்போது எங்கே? கடைசிக் கேள்விக்கான பதிலை அந்த ஜூனியரிடமே கேட்டுச் சரிபாருங்கள். குறிப்பிட்ட காலத்துக்கு முன் விலகினால் பணம் திருப்பித் தரவேண்டும் என்று ஏதேனும் கடிதத்தில் கையெழுத்துக் கேட்டால், தொகையையும் காலத்தையும் எழுத்தில் பார்த்த பிறகே போடுங்கள்.

கேள்வி: கொழும்பிலேயே இருந்து இங்கிலாந்துப் பல்கலைக்கழகம் ஒன்றின் சட்டமாணி முடித்தேன். லண்டன் போய், அங்கே சொலிசிட்டர் (சட்டத்தரணி) ஆவதற்கான எஸ்.கியூ.ஈ. பரீட்சை எழுதி அங்கேயே தொடங்கலாம் என்று நினைக்கிறேன். சரியா? (வாசகர், வெள்ளவத்தை)

முதலில் ஒரு தவறான நம்பிக்கையை நீக்கிவிடுவோம். இங்கிலாந்தில் இருந்து படித்தவர்களுக்குக் கிடைக்கும் பட்டதாரி விசா, கொழும்பில் இருந்து படித்தவருக்குக் கிடைக்காது. பட்டச் சான்றிதழ் ஒன்றுதான், குடிவரவில் நிலை வேறு. நேரே திறன் தொழிலாளர் விசாவில் போக வேண்டுமானால், உங்களை வேலைக்கு எடுக்க ஒரு நிறுவனம் முன்வர வேண்டும். 2025 யூலை முதல் பொதுவான அடிப்படைச் சம்பளம் ஆண்டுக்கு 41,700 பவுண். அந்தச் சம்பளம் கொடுத்து, விசாச் செலவும் ஏற்று, அனுபவமில்லாத ஒருவரை எடுப்பவை பெரும்பாலும் பெரிய நிறுவனங்களே. அவை பயிற்சி இடங்களை வழக்கமாக இரண்டு வருடம் முன்னதாகவே நிரப்பிவிடும். புதிதாகத் தகுதி பெற்றவருக்கு 150,000 பவுண் என்று 2024 இல் செய்தி வந்ததே, அது அந்தச் சில நிறுவனங்களின் கதை.

பரீட்சையின் அமைப்பு இது. முதற்பகுதியில் இரண்டு தாள்கள், தாளுக்கு 180 பல்தேர்வு வினாக்கள். உலகின் பல நகரங்களில் கணினி நிலையங்களில் எழுதலாம். இரண்டாம் பகுதி வரைவு, ஆலோசனை, வாதாட்டம் போன்ற செயல்முறைத் தேர்வு. அதன் வாய்மொழிப் பகுதிக்கு இங்கிலாந்து அல்லது வேல்ஸுக்குப் போயாக வேண்டும். ஒவ்வொரு பகுதிக்கும் ஆறு வருடத்துக்குள் மூன்று வாய்ப்புகள். இரண்டு பகுதிக்கும் கட்டணம் மட்டுமே 4,500 பவுணைத் தாண்டும், ஆயத்தப் பாடநெறியும் பயணமும் வேறு. இவற்றோடு இரண்டு வருடத் தகுதியான வேலை அனுபவம் வேண்டும்.

கவனிக்க வேண்டிய இடம் இது: ஏற்கெனவே வேறு நாட்டில் தகுதி பெற்ற சட்டத்தரணிக்கு அந்த இரண்டு வருட அனுபவம் கட்டாயமில்லை. அதாவது நீங்கள் இங்கே சட்டக் கல்லூரி வழியே சட்டத்தரணியாகி, கோட்டையில் மூன்று வருடம் கடன் ஒப்பந்தங்களும் பங்கு விற்பனையும் செய்துவிட்டு எஸ்.கியூ.ஈ. எழுதினால், பரீட்சையும் நற்குணச் சோதனையும்தான் மிச்சம். அனுபவத்தைப் பொறுத்து இரண்டாம் பகுதியிலிருந்து விலக்கும் கேட்கலாம். எங்கள் ஆலோசனை: சட்டக் கல்லூரிக்குப் போங்கள். உங்கள் வெளிநாட்டுப் பட்டம் மட்டும் உங்களை இங்கே சட்டத்தரணியாக்காது, அங்கேயும் சொலிசிட்டராக்காது. இரண்டு ஊரிலும் அரைத் தகுதியோடு நிற்கும் நிலைதான் இந்தப் பாதையில் அதிகம் பேர் மாட்டிக்கொள்ளும் இடம்.

கேள்வி: அண்ணா ரொறன்ரோவில் இருக்கிறார். அங்கே வந்தால் தமிழ் ஆட்களின் வேலையே போதும் என்கிறார். (வாசகி, வவுனியா)

அண்ணா சொல்வது காணி விற்பனை, குடிவரவு, உயில் வேலைகளுக்குப் பொருந்தும். கம்பனிச் சட்டத்துக்குப் பொருந்தாது. இலங்கைத் தகுதியைக் கனடாவின் என்.சி.ஏ. அமைப்பு மதிப்பிட்டு, அரசியலமைப்பு, நிருவாகச் சட்டம், குற்றவியல், தொழில் ஒழுக்கம் போன்ற கனேடியப் பாடங்களில் பரீட்சை எழுதச் சொல்லும். பிறகு ஒன்ராறியோவின் உரிமப் பரீட்சைகள் இரண்டு, அதன்பின் பயிற்சிக் காலம். இதெல்லாம் உழைத்தால் முடியக்கூடியதே. சிக்கல் வேறு இடத்தில்: ரொறன்ரோவின் நிதி வட்டாரமான பே ஸ்ட்ரீட்டின் பெரிய சட்ட நிறுவனங்கள் ஆட்களை எடுப்பது பெரும்பாலும் கனேடியச் சட்டப் பீடங்களில் இரண்டாம் வருட மாணவர்களை நேர்முகம் கண்டு. வெளியிலிருந்து வருபவருக்கு அந்த வாசல் ஏற்கெனவே மூடியிருக்கும். கம்பனி வேலைதான் வேண்டுமானால் இங்கே ஒரு குறிப்பிட்ட துறையில், வங்கிக் கடன் அல்லது மின்சக்தித் திட்டங்கள் போன்ற ஒன்றில், சில வருட அனுபவத்தோடு போங்கள். அல்லது அங்குள்ள பல்கலைக்கழகத்தில் முதுமாணி செய்து, அதன் வழியே பாடங்களையும் முடித்து, அறிமுகங்களையும் தேடுங்கள்.

கேள்வி: டுபாய், சிங்கப்பூர்? (வாசகர், கல்முனை)

டுபாயின் சர்வதேச நிதி மையத்திலும் அபுதாபியின் உலகச் சந்தையிலும் நீதிமன்ற மொழி ஆங்கிலம், சட்டமும் ஆங்கிலப் பொதுச் சட்ட மரபு. அதனால் நமது படிப்பு அங்கே அந்நியமாக இராது. ஆனால் அங்குள்ள நிறுவனங்கள் பொதுவாகப் பயிற்றுவிப்பதில்லை, பயிற்சி பெற்றவரை எடுக்கின்றன. இங்கே நான்கு வருடம், முடிந்தால் எஸ்.கியூ.ஈ. யும் சேர்த்து, பிறகு முயலுங்கள். சிங்கப்பூரில் வழக்கறிஞர் சங்கத்தில் சேர இலங்கைப் பட்டம் போதாது. கம்பனிகளின் உள்ளகச் சட்டப் பிரிவில் ஒப்பந்தம் பார்க்கும் வேலைக்கு அந்த உரிமம் தேவையில்லை என்பதால், நம்மவர்களுக்கு அங்கே அதுதான் திறந்த வழி.

கேள்வி: கொழும்புத் துறைமுக நகரத்தில் புதிதாக வேலைகள் வருமா? (வாசகர், கொட்டாஞ்சேனை)

2021 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அங்கே தொழில் செய்யத் துறைமுக நகரப் பொருளாதார ஆணைக்குழுவின் அனுமதி வேண்டும். அந்த விண்ணப்பங்களை எழுதும் வேலை கோட்டை, கொள்ளுப்பிட்டி நிறுவனங்களுக்கே வருகிறது. அதற்கென்று தனி ஊராக எண்ணிக் காத்திருக்க வேண்டாம்.

கேள்வி: தமிழ் மொழியில் படித்தவள். ஆங்கிலம் சுமார், சிங்களம் பேச வராது. கொழும்பில் தாக்குப்பிடிப்பேனா? (வாசகி, மட்டக்களப்பு)

ஆங்கிலத்தைத் தவிர்க்க வழியில்லை, நேரடியாகவே சொல்கிறோம். ஒப்பந்தங்கள் ஆங்கிலத்தில்தான். ஆனால் இங்கே தேவைப்படுவது மேடை ஆங்கிலம் அல்ல, வரைவு ஆங்கிலம். அது சிறிய வட்டம். பங்குப் பரிவர்த்தனை இணையத்தளத்தில் பட்டியலிடப்பட்ட கம்பனிகளின் சுற்றறிக்கைகள் இலவசமாகக் கிடைக்கும். வாரத்துக்கு ஒன்றை எடுத்து, ஏன் இதை வெளியிட்டார்கள் என்று கேட்டுப் படியுங்கள். ஒரு கம்பனி தன் சொத்துகளின் பெறுமதியில் பாதிக்கு மேல் விற்கப்போகிறது, கம்பனிகள் சட்டத்தின் 185 ஆம் பிரிவின்படி பங்குதாரரின் விசேட தீர்மானம் வேண்டும். ஒருவரின் பங்கு 30 சதவீதத்தை எட்டுகிறது, மற்றவர்களின் பங்குகளையும் வாங்க முன்வர வேண்டும். இப்படிச் சட்டமும் சொல்லும் சேர்ந்து வரும். வரைவுப் பயிற்சிக்கு ஒரு பணிப்பாளர் சபைத் தீர்மானத்தை மூடிவைத்துவிட்டு நீங்களே எழுதி, திறந்து ஒப்பிடுங்கள்.

சிங்களம் பேச்சளவில் ஒரு வருடத்தில் பிடித்துவிடலாம். பதிவகக் கருமபீடங்களில் அது வேலையைப் பாதியாகக் குறைக்கும். உங்கள் தமிழை மறைக்காதீர்கள், சுயவிவரத்தில் மேலேயே எழுதுங்கள். வடக்கு கிழக்குக் காணி உறுதிகளைப் பிழையில்லாமல் வாசிக்கத் தெரிந்தவருக்குக் கொழும்பில் தேவை இருக்கிறது.

கேள்வி: ஐந்து வருடமாகக் கோட்டையில் வேலை செய்கிறேன். ஊருக்குத் திரும்பி யாழ்ப்பாணத்தில் கம்பனிச் சட்ட அலுவலகம் போட்டால் பிழைக்க முடியுமா? (வாசகர், பருத்தித்துறை)

முடியும், கோட்டைத் தொடர்பை அறுக்காமல் இருந்தால். உங்களுக்கு வரக்கூடிய வேலை பெரும்பாலும் இரண்டு திசையிலிருந்து வரும்.

ஒன்று, கொழும்பு வங்கிகளும் கம்பனிகளும் வடக்கில் காணி எடுக்கும்போது. அங்கே வடபகுதித் தமிழரின் மரபுச் சட்டமான தேசவழமை குறுக்கே வரும், கொழும்புச் சட்டத்தரணி அதில் தடுமாறுவார். சொத்து முதுசமா (பரம்பரைச் சொத்தா), சீதனமா, தேடியதேட்டமா (மணவாழ்வில் தேடியதா) என்று பார்க்க வேண்டும். தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண் தன் பெயரில் உள்ள காணியையே ஈடு வைத்தாலும் கணவரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்று 1911 ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டம் சொல்கிறது. கணவர் காரணமின்றி மறுத்தால் மாவட்ட நீதிமன்றத்திடம் போகலாம். வங்கியின் அச்சிட்ட ஈட்டுப் பத்திரத்தில் அந்தக் கையெழுத்துக்கு இடமே இராது, அதைப் பார்த்துச் சொல்வது உங்கள் வேலை. கூட்டுரிமைக் காணியானால் மற்றப் பங்காளருக்கு முன்வாங்கும் உரிமை உண்டு, அவர்களுக்கு அறிவித்தல் கொடுக்காமல் விற்றால் பின்னால் வழக்கு வரும். இவற்றோடு தமிழ் மொழி நொத்தாரிசு உரிமமும் எடுத்துவையுங்கள். எழுதிய உறுதிகளின் இரண்டாம் பிரதிகளை அடுத்த மாதம் 15 ஆம் திகதிக்குள் காணிப் பதிவகத்துக்கு அனுப்பும் ஒழுங்கை முதல் மாதத்திலிருந்தே கடைப்பிடியுங்கள். கம்பனி ஒன்று கொடுத்த ஈடு என்றால் கூடவே படிவம் 10 உம் உண்டு. ஈடு எழுதி 21 வேலை நாளுக்குள் கம்பனிப் பதிவாளரிடம் போகாவிட்டால், கம்பனி முறியும் நாளில் அதன் சொத்துகளைப் பொறுப்பேற்கும் கலைப்பாளருக்கு எதிராக அந்த ஈடு செல்லாது. காணிப் பதிவகத்தில் பதிந்துவிட்டோம், போதும் என்று இருந்துவிடுவதுதான் ஊர் நொத்தாரிசுகளிடம் இதில் நேரும் பிழை.

மற்றது, வெளிநாட்டில் இருக்கும் உறவுகள் ஊரில் முதலிடும்போது. கனேடியக் குடியுரிமை மட்டும் வைத்திருக்கும் ஒருவர் நேரே காணி வாங்க 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சட்டம் தடை போடுகிறது. இரட்டைக் குடியுரிமை உள்ளவருக்கு அந்தத் தடை இல்லை, மற்றவருக்குக் குத்தகை வழி உண்டு. கம்பனி போட்டு அதன் பெயரில் வாங்கலாம் என்பார்கள். வெளிநாட்டுப் பங்கு 50 சதவீதமோ அதற்கு மேலோ என்றால் அதே தடை கம்பனிக்கும் வரும். பணம் அனுப்பும் முறையில்தான் பெரிய சேதம் நடக்கிறது: மச்சானின் சாதாரண சேமிப்புக் கணக்குக்கு அனுப்பி, அவர் எடுத்துக் கம்பனியில் போடுவார். வெளிநாட்டு முதலீட்டுக்கென்று வங்கியில் திறக்கும் உள்முக முதலீட்டுக் கணக்கு வழியே வராத பணத்துக்கு வாங்கிய பங்கை நாளைக்கு விற்றால், அந்தப் பணத்தையும் இலாபப் பங்கையும் வெளியே கொண்டுபோவது சிக்கலாகும். வாடிக்கையாளர் முதல் தடவை தொலைபேசியில் பேசும்போதே, பணம் அனுப்பிவிட்டீர்களா என்று கேளுங்கள். இல்லை என்றால், அன்றைக்கே வங்கியில் கணக்குத் திறக்க வேண்டிய பத்திரங்களின் பட்டியலை அனுப்பிவிடுங்கள்.